மெதுவாகப் போகத் தெரியாத கார்

என் அண்ணன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, ஓடாத கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஓட்டிக்கொண்டு வந்தான் என்று சொல்ல முடியாது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் தெருவில் அதற்கு முன் கார் என்று ஒன்று வந்து நின்றதே இல்லை. வந்ததுதான் வந்தது, இப்படியா வர வேண்டும்?

அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏண்டா, ரெண்டே ரெண்டு சீட்டுதானா? நம்ம வூட்டுல நாலு பேரு இருக்கோமேடா" என்றாள்.

"மத்தவங்க பஸ்ஸுல வாங்க" என்றான் அண்ணன்.

அன்றைக்கு அம்மா அவனுக்குச் சோறு போடவில்லை. நான்தான் போட்டேன். திட்டிக்கொண்டேதான் போட்டேன்.

அண்ணன் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கம்பரசர் ஃபிட்டராக இருந்தான். பாறையில் துளை போடுகிற கருவிக்குக் காற்றை அமுக்கி அனுப்புகிற பெரிய இயந்திரம்தான் கம்பரசர். அங்கே வேலை பார்த்த வடக்கத்தி அதிகாரி ஒருவர் அந்தப் பழைய இங்கிலீஷ் காரை எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார். பந்தயத்துக்கென்றே செய்த வண்டியாம். மாற்றலாகிப் போகும்போது காரை இவன் தலையில் கட்டிவிட்டு இவனுடைய மோட்டார் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கார் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். சுரங்கத்துத் தூசி ஊறிப்போய் ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. எத்தனை கழுவியும் போகவில்லை.

நான் அப்போது டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்காக வீட்டில் காத்துக்கிடந்தேன். சும்மாதானே இருக்கிறாள் என்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும், விளக்கம் கேட்டுக்கொள்ளவும் என்னைப் பிடித்துக்கொண்டான். இஞ்சினுக்கு முன்னால் பூசணிக்காய் அளவில் ஒரு சாமான் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தது. சூப்பர்சார்ஜர் என்று அந்த அதிகாரி சொன்னாராம்.

"பேருதான் புள்ள பெருசு. நம்ம கம்பரசர் மாதிரிதான். இஞ்சின் சுத்தும்போது பெல்ட்டு இதையும் சுத்தும். இது காத்தையும் பெட்ரோலையும் அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். நெறைய உள்ள போனா நெறைய பவர்."

"இருண்ணே. இஞ்சின் பலமா ஓடணும்னா இது சுத்தணும். இது சுத்தணும்னா இஞ்சின் ஓடணும். அப்ப யாரு யாருக்குச் சோறு போடறது?"

"பாடம் நடத்தாத. பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்றான். அந்தக் கேள்விக்கு இன்றைக்குவரை எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. புத்தகத்தில் படித்தாயிற்று, கேட்டும் பார்த்தாயிற்று. புரிந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

சும்மா சொல்லக் கூடாது, காரை ஓட வைத்துவிட்டான். மாரியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அது கிளம்பியபோது தெருவே கைதட்டியது. அரியலூருக்குப் போய் வந்தான். ஜெயங்கொண்டம்வரை போய் முந்திரிக்கொட்டை மூட்டையோடு வந்தான். மெதுவாகவும் போயிற்று, வேகமாகவும் போயிற்று. அதோடு விட்டிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "பவர் பத்தலை" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதற்குப் பத்தவில்லை? இவன் என்ன பந்தயத்துக்கா போகப்போகிறான்?

எதற்கு என்று புரிய, எங்கள் ஊர்ப் பெரிய தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் வழியே அதுதான். நிலம் வைத்திருந்தவர்கள் தெரு. அவர்கள் நிலத்தில் எங்கள் தாத்தா காலம்வரை கூலி வேலை செய்தவர்கள் நாங்கள். எங்கள் காலத்தில் ஆளுக்கொரு பிழைப்பு வந்துவிட்டது. அப்பாகூட வயல் வேலையை விட்டுக் கட்டட மேஸ்திரி ஆகிவிட்டிருந்தார். இருந்தாலும் அந்தத் தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் தெருமுனையில் இறங்கிவிடுவார். தெருவை நடந்து கடந்து, அந்தக் கோடியில் மறுபடி ஏறிக்கொள்வார். இறங்கு என்று யாரும் சொன்னதில்லை. இறங்காதே என்றும் யாரும் சொன்னதில்லை.

கல்யாண ஊர்வலமும் அப்படித்தான். எங்கள் தெருப் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் மாரியம்மன் கோயில்வரை போகும், திரும்பி வந்துவிடும். பெரிய தெருப் பக்கம் திரும்பாது. ஏன் திரும்பாது என்று சின்ன வயதில் கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். வேறு ஊர்களில் அப்படித் திரும்பியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் எங்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அண்ணனுக்குத் திருமானூர்ப் பக்கம் பெண் முடிவாயிற்று. நிச்சயம் செய்துவிட்டு வந்த அன்றே, வெற்றிலைத் தட்டைக் கீழே வைப்பதற்குள், "ஊர்வலம் என் கார்ல. பெரிய தெரு வழியாப் போறோம். எறங்காமப் போறோம்" என்றான்.

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மாதான், "டேய், கல்யாணத்தைப் பண்ணுடா, கலகத்தைப் பண்ணாத" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிய மாதிரி இருந்தது. ஓ, இதற்குத்தானா பவர்! யாராவது கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒரே அழுத்தாக அழுத்தித் தெருவைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "சரி, பவரு இருக்கட்டும். ஏதாச்சும்னா பொண்ணோட தப்பிச்சுப் போயிடலாம்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அம்மா பத்து நாளில் அந்தக் காரைக் கும்பிடவே ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வேலையாகப் பெரம்பலூரில் ஒரு லேத் பட்டறையில் புதுக் கப்பி கடைந்துகொண்டு வந்தான். சூப்பர்சார்ஜரைச் சுற்றுகிற பெல்ட் ஓடும் சக்கரம்தான் கப்பி. இருந்ததைவிடச் சின்னதாகப் போட்டால் அது அதிகச் சுற்றுச் சுற்றும், அதிகக் காற்று போகும். கிணற்றுக்குப் பாறை உடைக்கிற கம்பரசர்காரர்கள் செய்கிற வித்தைதான் அது. மாட்டியவுடன் என்னை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனான். வேறு யாரும் அவன் பக்கத்தில் உட்காரத் தயாராக இல்லை.

அம்மாடி! அந்தச் சாமான் போட்ட சத்தம் இருக்கிறதே, மாவு மில்லைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடுவது போல. என் பின்னல் அவிழ்ந்து வாயில் போய்விட்டது. அரியலூர் பஸ் ஒன்றை ஒரே மூச்சில் முந்தினோம். டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டினார். கொஞ்ச தூரத்தில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்தான். கார் இருமியது, கரும்புகை விட்டது, செத்துப்போயிற்று. பின்னாலேயே வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலுக்கு ஜன்னல் சிரித்த முகம். நான் இறங்கித் தள்ளினேன். உருண்டதும் அவன் இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். பத்தடியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மறுபடி பஸ்ஸை முந்தினோம். ரயில்வே கேட் வந்தது. மறுபடி செத்தது. பஸ் வந்து எங்கள் பக்கத்திலேயே நின்றது. "ஏம்மா, பேசாம எங்க பஸ்ஸுலயே வந்துடும்மா" என்றார் கண்டக்டர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

"வேகமா ஓட்டினா ஓடுது. மெதுவா ஓட்டினா நின்னு போவுது. அண்ணே, ஊர்வலம் மெதுவாத்தானே போவும்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் பவர் ஏத்தணும்ங்கறேன்."

"நீ ஏத்தினதாலதானே நின்னு போவுது!"

"பாதி ஏத்துனா அப்படித்தான்."

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. சுரங்கத்துக் கம்பரசர் கிளப்பி விட்டால் நிறுத்தும்வரை ஒரே வேகத்தில்தான் ஓடும். மெதுவாக ஓடுவது என்பதே அதற்குக் கிடையாது. பல வருஷம் அதோடு கிடந்தவனுக்கு, மெதுவாகப் போகும்போது ஒரு இயந்திரத்துக்கு என்ன ஆகும் என்ற யோசனையே வரவில்லை போலிருக்கிறது. சரியா தப்பா தெரியாது. அன்றைக்கு எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அடுத்து, பெட்ரோல் பத்தவில்லை என்றான். கார்பரேட்டருக்குள் பித்தளையில் சின்னத் திருகாணி மாதிரி ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஊசித்துளை. அந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். அதைப் பெரிதாக்க வேண்டும். அத்தனை சின்ன துளைப்பான் எந்தப் பட்டறையிலும் இல்லை. அரியலூரில் தாலி செய்யக் கொடுத்திருந்த பத்தரிடம் இருந்தது! தாலி ஆயிற்றா என்று அப்பாவும் அவனும் நானும் பார்க்கப் போன இடத்தில், சட்டைப்பையிலிருந்து அந்தப் பித்தளைச் சாமானை எடுத்து நீட்டினான். பத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூக்குத்தியைப் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு நகைங்க?"

"காருக்குங்க. ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க."

துளை போட்டார். தாலியை எடுத்துக் கொடுக்கும்போது இதையும் அதே தட்டில் வைத்து, இரண்டுக்கும் குங்குமம் இட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அண்ணன் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதன் பிறகு கார் பறந்தது. ஆனால் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தால் கொஞ்ச தூரம்கூடத் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, பழைய கப்பியையே மாட்டு. ஓட்டையையும் பத்தர்கிட்டயே குடுத்துப் பழையபடி சின்னதாக்கு. அது ஒழுங்கா மெதுவாப் போச்சு. நடுத்தெருவுல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ? எறங்கித்தானே தள்ளணும்? எறங்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்?"

அவன் காரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பவர் இருக்கறவன் மெதுவாப் போனா அது வேற, புள்ள. இல்லாதவன் மெதுவாப் போனா அது வேற."

நான் ஸ்பேனர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒத்துக்கொண்டதால் அல்ல. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் ஊர்வலம் கிளம்பியது. இரண்டே சீட்டு, டிரைவருக்கு இடமில்லை. மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக ஸ்டியரிங்கைப் பிடித்தான். பக்கத்தில் அண்ணி. குடை பிடிக்க வேண்டியது அண்ணியின் தம்பி. அவர் வாட்டசாட்டமான ஆள். பின்னால் ஏறினால் கார் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று என்னை ஏற்றிவிட்டார்கள். மடித்து வைத்த கூரைத் துணிமேல் உட்கார்ந்து, இருவர் தலைக்கும் குடையைப் பிடித்தேன். முன்னால் மேளம். அதற்குப் பின்னால் அப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. கார் அதட்டி அதட்டி உறுமியது. அண்ணன் கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் மாற்றி மாற்றி மிதித்துக் கோயில்வரை எப்படியோ கொண்டுவந்துவிட்டான். மேளக்காரர்கள் அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் பெரிய தெருப் பக்கம் கையைக் காட்டினான்.

திரும்பினோம்.

வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஒரு கிழவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே தெருவின் பாதிக்கு வந்துவிட்டோம். கார் இருமியது. வேண்டாம் வேண்டாம் என்று மாரியம்மனைக் கூப்பிட்டேன். டப்பென்று ஒரு வெடி, குப்பென்று கரும்புகை, அவ்வளவுதான். நின்றுபோயிற்று. மேளமும் நின்றது. பெட்ரோல் வாடை மூக்கை அடைத்தது. அண்ணன் ஸ்டார்ட்டரை அழுத்தினான். முனகிவிட்டு அதுவும் அடங்கிவிட்டது.

மூங்கில் மாதிரி உயரமான ஒருவர் வாசலிலிருந்து இறங்கி வந்தார். "என்னாப்பா, நின்னு போச்சா?"

அப்பா ஓடி வந்தார். "நின்னு போச்சுங்கய்யா. இந்தா, இப்ப எடுத்துடறோங்க." அண்ணனைப் பார்த்து, "எறங்குடா, எறங்கித் தள்ளு" என்றார். அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அண்ணிதான் பயந்துபோய்க் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைக்கப் போனாள்.

"ஏய் ஏய், ஏறும்மா உள்ள!" என்று அந்த ஆள் கத்தினார். "தாலி கட்டுன கையோட பொண்ணு மாப்ள நடுவழியில எறங்கறதாவது! ஆவாது ஆவாது. அப்படியே உக்காருங்க. டேய், நாலு பேரு வாங்கடா!"

வந்தார்கள். அந்த வாசலிலிருந்து இரண்டு பேர், இந்த வாசலிலிருந்து மூன்று பேர். எங்கள் தெருப் பையன்கள் ஓடி வருவதற்குள் அவர்கள் கை காரின் மேல் விழுந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. "தள்ளுங்கடா சீக்கிரம், வழியை அடைச்சிக்கிட்டு" என்று ஒரு குரல். "பாத்து, பொண்ணுக்குக் குலுங்கப் போவுது" என்று இன்னொரு குரல். கார் உருளத் தொடங்கியது. அப்பா எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு அவரும் அவர்களுக்கு நடுவில் புகுந்து கையை வைத்தார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

பத்தடி ஆயிற்று. நான் குனிந்து, "கியரைப் போடுண்ணே" என்றேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று தோளைத் தட்டினேன். திரும்பவில்லை. கியர் நியூட்ரலில் இருந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கை அண்ணியின் கைமேல். வாசல்களைப் பார்த்துக் கொஞ்சம் தலையை அசைத்தபடி, நடக்கிற வேகத்தில், பெரிய தெரு முழுவதும் அவன் உட்கார்ந்தே போனான். சத்தமில்லாமல், புகையில்லாமல், அத்தனை அழகாக அந்தக் கார் அதற்கு முன் ஓடியதே இல்லை. தெருக்கோடி வந்ததும் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். உறுமிக்கொண்டு பாய்ந்தது, என் கையிலிருந்த குடை பறந்துபோயிற்று.

பந்தியில் அப்பா சாப்பிடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்தாசையாத் தள்ளுனாங்களா, இல்ல சனியன் தொலையட்டும்னு தள்ளுனாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? யாரைக் கும்புடறதுன்னு தெரியாம எல்லாரையும் கும்புட்டு வச்சேன்" என்றார். நான் பின்னால் பல வருஷம் அந்தத் தெரு ஆட்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "வண்டி நின்னுது, தள்ளுனோம்" என்பதற்கு மேல் யாரும் சொன்னதில்லை.

அண்ணனுக்குப் பரிமாறும் சாக்கில் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஏண்ணே, கியரைப் போட்டிருந்தா பத்தடியிலயே ஸ்டார்ட் ஆயிருக்குமே?"

"ஆமா, ஆயிருக்கும்" என்றான். "ஆயிருந்தா தள்ளறதை வுட்டுட்டுப் போயிருப்பாங்களே."

சொல்லிவிட்டு, இலையைத் தள்ளி இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னான்.